சூசன்னாவும் சாட்சிக் கூண்டும்

தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்கட்கிழமைத் திருப்பலியில் சூசன்னாவின் வரலாறு வாசிக்கப்படும். தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம் அது. பல்லாண்டுகளாக அதைக் கற்பின் மாட்சி என்ற ஒரே கோணத்தில் மறையுரையாக ஆற்றி வந்தேன். ஒருமுறை திருப்பலி முடிந்து சக்கிரீஸ்துக்குள் நுழைகையில் மூதாட்டி ஒருவர் வழிமறித்தார். "அந்தப் பையன் வராமப் போயிருந்தா அவளைக் கொன்னுதானே சாமி போட்டிருப்பாங்க?" என்றார். ஆம் என்றேன். வேறென்ன சொல்வது? அன்றிலிருந்து அவ்வதிகாரத்தை ஒரு வழக்கின் பதிவாகவே வாசிக்கிறேன்.

அப்படி வாசிக்குங்கால் முதலில் கண்ணில் படுவது சூசன்னாவின் கூக்குரல். நகருக்குள் பலவந்தத்திற்கு ஆளாகும் பெண் கூக்குரலிட வேண்டும் என்பது இணைச் சட்டம் 22ஆம் அதிகாரத்தின் எதிர்பார்ப்பு. கூவாதவள் இசைந்தவளாகக் கருதப்படுவாள். சூசன்னா கூவினாள். ஆனால் அவளோடு சேர்ந்து முதியோர் இருவரும் கூவினர். அவர்கள் மக்களின் நடுவர்கள். ஆகவே அவர்கள் குரலே மன்றத்தில் நின்றது. அவளைக் காத்தது சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்திக் கேட்ட ஒரே கேள்வி: எந்த மரத்தடியில் கண்டீர்கள்? இதை நாம் மறக்கலாகாது. குற்றம் சாட்டப்பட்டவர் சாட்சியைச் சோதித்தறியும் உரிமையை இவ்வரலாறு போற்றுகிறது. தற்காப்பே கூடாதென்போர் சூசன்னாவை மீண்டும் கொலைக்களத்திற்கு அனுப்புகின்றனர்.

ஓவியர் பலருக்கு இது குளிக்கும் அழகியைக் காட்ட ஒரு சாக்காகவே பயன்பட்டது. தின்தொரேத்தோ தீட்டிய சூசன்னா, கண்ணாடியில் தன்னைக் கண்டு மகிழ்ந்திருக்கிறாள். 1610இல், பதினேழே வயதான ஆர்த்தமீசியா ஜென்டிலெஸ்கி என்ற உரோமைப் பெண் தீட்டிய ஓவியத்திலோ பூங்காவின் இனிமை எதுவுமில்லை. குளிர்ந்த கல்லிருக்கை, அதன் பின்னே கற்சுவர், சுவரின் மேல் சாய்ந்து கிசுகிசுக்கும் இருவர். உடல் முறுக்கி, முகம் திருப்பி, இரு கைகளாலும் அவர்களைத் தடுக்கிறாள் சூசன்னா. பார்ப்பவருக்கு எந்த இன்பத்தையும் தர மறுக்கும் ஓவியம் இது.

ஆர்த்தமீசியா தன் சொந்தத் துயரத்தையே இதில் தீட்டினார் எனச் சிலர் எழுதுகின்றனர். ஆண்டுக்கணக்கு அதற்கு இடந்தராது. தந்தை ஒராத்சியோவின் உடன் ஓவியரான அகுஸ்தீனோ தாஸ்ஸி அவரைப் பலவந்தம் செய்தது 1611 மே மாதத்தில். மறு ஆண்டு தந்தை, திருத்தந்தை ஐந்தாம் சின்னப்பரிடம் மனுக் கொடுத்தார். உரோமை அப்போது திருத்தந்தையின் அரசு. அம்மனுவைப் படிப்போர் திகைப்பர்: மகளுக்கு நேர்ந்த கொடுமையும் வீட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஓவியங்களும் அதில் ஒருங்கே இடம்பெறுகின்றன. இரண்டுமே தந்தைக்கு நேர்ந்த இழப்புகள்!

ஏறத்தாழ ஏழு மாதங்கள் வழக்கு நடந்தது. தாஸ்ஸியின் தற்காப்பில் புதுமை ஏதுமில்லை. நான் அவளைத் தொட்டதே இல்லை என்றார். அவள் பலரோடு பழகியவள் என்றார். அதைச் சொல்லச் சாட்சிகளையும் கொணர்ந்தார். மருத்துவச்சியர் ஆர்த்தமீசியாவின் உடலைச் சோதித்தனர். அவர் சொல் மெய்தானா என அறிய, தாஸ்ஸியின் கண்முன்னே அவருடைய விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினர். தூரிகை பிடிக்கும் விரல்கள்! நீ எனக்கு வாக்களித்த மோதிரம் இதுதானா என்று தாஸ்ஸியை நோக்கிக் கேட்டுவிட்டு, சொன்னது உண்மை, உண்மை என்றே அவர் திரும்பத் திரும்ப உரைத்ததை வழக்குப் பதிவேடு காத்து வைத்திருக்கிறது. 1612 நவம்பரில் தீர்ப்பு வந்தது: ஐந்தாண்டுக் கடுந்தண்டனை, அன்றேல் உரோமையிலிருந்து நாடுகடத்தல். தாஸ்ஸி பின்னதைத் தெரிந்துகொண்டார். அதுவும் ஒழுங்காக நிறைவேறவில்லை.

அது பழங்காலம் என்று ஆறுதல் கொள்வோர்க்கு ஒரு சொல். 2015 ஜூன் மாதத்தில் நம் சென்னை உயர் நீதிமன்றமே, பாலியல் வன்கொடுமைக்காகத் தண்டனை பெற்றவர் பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசப் பிணை வழங்கியது. கண்டனம் எழுந்து, உச்ச நீதிமன்றமும் வேறொரு வழக்கில் இத்தகைய சமரசத்தை மறுத்த பின், ஜூலையில் ஆணையைத் திரும்பப் பெற்றது. உரோமை மருத்துவச்சியர் செய்ததற்கு ஒப்பான இருவிரல் சோதனையைச் செய்வது குற்றமுள்ள நடத்தை என உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சொன்னது 2022இல். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் விதிக்கிறது. ஆண்டுகளைக் கூட்டியிருக்கிறோம், சாட்சிக் கூண்டில் நிற்பவளின் விரல்களில் இருந்த கயிறு முற்றிலும் அவிழ்ந்ததா என்பது வேறு கேள்வி.

நம் வீட்டையும் நோக்குவோம். இக்குற்றம் யாருக்கு எதிரானது? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, குருக்கள் சிறாருக்கு இழைக்கும் பாலியல் குற்றத்தைக் குருத்துவத்தின் தனிக் கடமைகளுக்கு எதிரான குற்றங்களின் வரிசையில் வைத்திருந்தது. காயமுற்றது குழந்தையன்று, குருவின் கற்பு வாக்குறுதி என்பது போல! 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம், அதனை மனித உயிர், மாண்பு, சுதந்திரம் ஆகியவற்றுக்கு எதிரான குற்றங்களின் தலைப்புக்கு மாற்றியது. நன்று. ஆனால் வயது வந்தோரை வன்முறையாலோ அச்சுறுத்தலாலோ அதிகாரத்தாலோ வசப்படுத்தும் குற்றம் இன்றும் பழைய தலைப்பின்கீழ், 1395ஆம் எண்ணிலேயே இருக்கிறது. சூசன்னா மணமான பெண். அவளை நெருக்கியோர் மக்களின் நடுவர்கள்.