வேட்டியும் எருமையும்

கேமராவின் பின்திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் குட்டி மலைத்தொடர் ஒன்று முளைக்கும். ஹிஸ்டோகிராம், படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம். இரண்டு வருஷம் அதை ரிப்பேர்க்காரர் சமாச்சாரம் என்றே ஒதுக்கி வைத்திருந்தேன்.

கண்ணைத் திறந்தது கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டி. படம் முழுக்க அடைத்து எடுத்தும், பத்து நாள் துவைக்காத சாம்பலாக விழுந்தது. அடுத்து குளத்து எருமையை நெருங்கி எடுத்தேன். அதுவும் சாம்பல், வெளிறிப்போய்! ஒளிமானிக்கு வேட்டியும் தெரியாது, எருமையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும்; விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பும் சாம்பல் என்பது பழைய கணக்கு. ஆகவே வெள்ளைக்கு ஒளியைக் கூட்ட வேண்டும், எருமைக்குக் குறைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும், எனக்கு இன்றும் ஒரு நொடி தடுமாற்றம்தான்.

மலைத்தொடரின் இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. குன்று நடுவில் நின்றால்தான் நல்ல படம் என்பார்கள்; நம்பாதீர்கள். இரவுத் தேர்த் திருவிழா இடப்பக்கம் குவியத்தான் செய்யும். வலது சுவரில் மலை முட்டுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். முட்டினால் துணியின் மடிப்புகள் காலி. ‘ரா’ கோப்பு என்றால் கொஞ்சம் மீட்கலாம். ஜேபெக் என்றால் போனது போனதுதான்.

வேட்டியை மறுபடி எடுத்தேன், ஒளியை +1.3 கூட்டி வைத்து. கரையோரத்து நூல் பிசிறுகூட விழுந்திருந்தது.