உலக நேரக் கடிகாரமும் புதுமை என்னும் சொல்லும்

ஜெனீவாவின் படேக் பிலிப் நிறுவனம், 2023இல் தோக்கியோவில் நடத்திய கண்காட்சியையொட்டி, உலக நேரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றைக் குறைந்த எண்ணிக்கையில் வெளியிட்டது. மறு ஆண்டே அதனைப் பொது விற்பனைக்கும் கொணர்ந்தது. விலையோ பல பத்தாயிரம் சுவிஸ் பிராங்கு. விலையைச் செல்வர்கள் பார்த்துக்கொள்வர். அதற்குச் சூட்டப்பட்ட ‘உலகில் முதன்முதல்’ என்னும் பட்டம் எத்துணைப் பொருந்தும் என்பதே நாம் நோக்கத்தக்கது.

உலக நேரக் கடிகாரம் என்னும் கருத்து புதியதன்று. 1931ஆம் ஆண்டளவில் லூயி கொத்தியே என்னும் ஜெனீவாக் கைவினைஞர் இதற்கு வழி கண்டார். முகப்பின் விளிம்பில் நகரப் பெயர்கள். அவற்றினுள்ளே இருபத்துநான்கு மணி எழுதிய வளையம் ஒன்று மெல்லச் சுழலும். நடுவில் ஊர் நேரம் காட்டும் முட்கள். ஒரே பார்வையில் உலகத்து நேரமெல்லாம் தெரியும். இதுவன்றோ புதுமை! பின் வந்தவர் பலரும் அவர் போட்ட பாதையிலேயே நடந்தனர்.

அப்படியாயின் 2023இன் கடிகாரம் செய்தது யாது? தேதியையும் ஊர் நேரத்தோடு இணைத்தது. எளிதுபோல் தோன்றும், எளிதன்று. தோக்கியோவில் செவ்வாய் அதிகாலை இரண்டு மணி என்று கொள்வோம். பொத்தானை அழுத்துந்தோறும் மணி முள் ஒரு மணி கிழக்கே செல்லும். மூன்று, நான்கு, ஐந்து. அடுத்த அழுத்தத்தில் சர்வதேசத் தேதிக் கோடு குறுக்கிடுகிறது. முள் ஆறுக்கு முன்னேற, நாளோ திங்களுக்குப் பின்வாங்க வேண்டும்! நள்ளிரவைக் கடந்தால் தேதி கூடவேண்டும். கோட்டைக் கடந்தால் குறையவேண்டும். இவ்விரண்டையும் பற்சக்கரங்களாலேயே பகுத்தறியச் செய்திருக்கின்றனர். கைத்திறன் மெய்யானது, அதனை மறுப்பது நேர்மையாகாது.

ஆயினும் நம் புலவர்கள் பாடிய சித்திரகவிகள் நினைவுக்கு வருகின்றன. தேர் வடிவிலும் பாம்பு வடிவிலும் எழுத்துகளை அடைத்த அருமைக்காக வியக்கிறோம். கவிதை உண்டா என்பது வேறு கேள்வி. தேதிக் கோட்டை ஆண்டில் எத்தனை பேர் கடக்கின்றனர்? ஐந்தரை மணிக் கணக்கில் வாழும் இந்தியாவும் இலங்கையும், மூன்றரையில் வாழும் ஈரானும், ஐந்தே முக்காலில் வாழும் நேபாளமும் அம்முகப்பில் இல்லை. முழு மணிக் கணக்கில் அமைந்த இருபத்துநான்கு மண்டலங்களே அதில் உள்ளன. கொத்தியேயின் காலத்து வரையறை அப்படியே நிற்கிறது.

இஃது இயலாத செயலும் அன்று. வஷரோன் கான்ஸ்டன்டின் நிறுவனம் 2011இலேயே அரைமணி, கால்மணி மண்டலங்களையும் சேர்த்து முப்பத்தேழு மண்டலங்களைக் காட்டியது. தேதியின் நுட்பம் அதில் இல்லை. எனினும் உலகத்தை உள்ளபடி காட்டும் எண்ணத்தால் அதையே நான் உயர்வாக மதிப்பேன். அச்சிட்ட நகர வளையத்திற்கு வேறொரு குறையும் உண்டு. அரசுகள் நேரத்தை மாற்றிவிடும். நம்மவர் பலர் கடை வைத்து வாழ்ந்த சிங்கப்பூர், 1982இன் தொடக்கத்தில் ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியது.

ஆகவே முதன்மைப் பட்டம் தேதிப் பொறிக்கு உரியது. உலக நேரத்திற்கு உரியதன்று. சென்னையில் இருப்பவர் இக்கடிகாரத்தை வாங்கித் தம் ஊர் நேரத்திற்கு நிமிட முள்ளைத் திருத்தி வைப்பாராயின், எஞ்சிய நகரங்கள் அனைத்தும் அரைமணி பிழையாகவே காட்டும்.