நரிக்கு ஏன் ஃபுல் சோக்?

பிரிட்டன் பண்ணைகளில் ஆடுகள் குட்டி ஈனும் பருவம் வந்தால் இரவில் நரிக்குக் காவலிருப்பது வழக்கம். காவலுக்குக் கிளம்புகிறவர் இரட்டைக்குழல் துப்பாக்கியின் வாயிலுள்ள சோக்கைக் கழற்றிவிட்டு, விளிம்பில் ஒற்றை வெட்டுக்குறி உள்ளதைத் திருகி மாட்டுவார். ஒற்றைக் குறி என்றால் ஃபுல் சோக். மூன்று குறி என்றால் ஹாஃப் சோக். நரிக்கு ஃபுல் சோக்தான் என்பது அப்பனிடமிருந்து மகனுக்கு வரும் பாடம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, அடிபட்டும் சாகாத நரிகளைப் புதருக்குள் அனுப்புகிறது.

சோக் என்பது குழல் வாயில் வைக்கும் சிறு குறுக்கம். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ.; ஃபுல் சோக் அதில் ஏறக்குறைய 1 மி.மீ. குறைக்கிறது. நியூகாசில்காரர் டபிள்யூ. ஆர். பேப் 1866-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்; பரப்பியவர் பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். 40 கஜத் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்பதே இன்றும் அளவுகோல். ஃபுல் சோக்கில் நூற்றுக்கு 70, ஹாஃப் சோக்கில் 60, சோக்கே இல்லாத குழலில் 40.

பயிரைத் தின்னும் காட்டுப்புறாவையும் காகத்தையும் சுடுபவருக்கு இந்த இறுக்கம் பெரும்பாலும் தொல்லைதான். பொய்ப்பறவைகளை வைத்து 20 கஜத்துக்கு இறக்கிய காகத்தின் மேல் ஃபுல் சோக் 16 அங்குல அகலத்துக்கே ரவையை விரிக்கும். சோக் இல்லாத குழல் 32 அங்குலம். அகலம் பாதி என்றால் பரப்பு கால்வாசி. குறி கொஞ்சம் பிசகினால் பறவை தப்பிவிடும். உயரத்தில் கடந்துபோகும் காகத்துக்கு மட்டும் இறுக்கம் கைகொடுக்கும்.

நரி விஷயம் வேறு. அங்கே கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

நரிக்குப் பலர் எடுப்பது ‘ஏஏஏ’ ரவை, ஒவ்வொன்றும் 5.2 மி.மீ. தடிமன். 36 கிராம் தோட்டாவில் அது சுமார் 44 இருக்கும். 40 கஜத்தில் ஃபுல் சோக் வழியே வட்டத்துக்குள் சேர்வது 31. ஹாஃப் சோக் என்றால் 26. இறுக்கியதால் கிடைத்த லாபம் 5 ரவை. நரியின் இதயமும் நுரையீரலும் உள்ள இடத்தை 5 அங்குல வட்டமாக வைத்துக்கொண்டால், அந்த 31-ல் சராசரியாக ஒன்றுகூட அதில் விழாது. நடுவில் ரவை நெருங்கி விழும் என்று சேர்த்துக்கொண்டாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவை குடலிலும் காலிலும் பாயும். அந்த நரி சாக எத்தனை நாளாகும் என்பதை நினைத்தாலே மனம் பதைக்கிறது.

இதே துப்பாக்கியில் அதைவிடச் சிறிய ‘பிபி’ ரவைக்கு மாறினால் எண்ணிக்கை 89 ஆகிறது. பத்து கஜம் நெருங்கி நின்றால் ஹாஃப் சோக்கே நூற்றுக்கு 83 ரவையை வட்டத்துக்குள் சேர்த்துவிடும். ரவையின் அளவும் நிற்கும் தூரமும் செய்கிற வேலையில் ஒரு சிறு பங்கைத்தான் சோக் செய்கிறது. ஆனாலும் ஃபுல் சோக் மாட்டியவருக்கு 50 கஜமும் எட்டிவிடும் தூரமாகத் தெரிகிறது. பெரிய ரவை ஒவ்வொன்றுக்கும் அங்கே துளைக்கும் பலம் உண்டு. ஆனால் ரவைக்கூட்டம் அதற்கு முன்பே கலைந்துவிடும். விளக்கொளியில் கண்கள் மட்டும் மின்னும் இரவில் தூரத்தை மதிப்பிடுவதும் எளிதல்ல.

இன்னொரு குறையும் உண்டு. தடித்த ஈய ரவைகள் இறுக்கமான வாயில் நசுங்கிக் கோணலாகப் பறக்கும். அதனால் சில துப்பாக்கிகளில் ஹாஃப் சோக்கே சீராக விரிக்கிறது. எந்தத் துப்பாக்கி எப்படி என்பதைத் தாளில் சுட்டுத்தான் அறிய முடியும். பெரிய தாளை நிறுத்தி, அதே தோட்டாவால் சுட்டு, ரவை அடர்ந்த இடத்தைச் சுற்றி வட்டமிட்டுத் துளைகளை எண்ணினால், கையகலத்துக்கு வெறுமையாகக் கிடக்கும் இடங்கள் கண்ணில் படும். அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் உயிர்மேல் சுடுவது பொறுப்பற்ற செயல்.

ஈய ரவைக்குத் தடை விதிக்கப்போவதாக பிரிட்டிஷ் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஈயத்துக்கு மாற்றாக வரும் எஃகு ரவை 4 மி.மீ.க்கு மேல் தடித்தால் ஹாஃப் சோக்கைவிட இறுக்கமான வாயில் சுடக்கூடாது என்பது விதி. ஃபுல் சோக் பழக்கத்தை அதுவும் மாற்றச் சொல்கிறது.

நரிக்கு ஹாஃப் சோக், ‘பிபி’ ரவை, 30 கஜத்துக்குள். அதற்கும் அப்பால் நிற்கும் நரிக்கு ரைபிள் வேண்டும். ரைபிள் இல்லையென்றால் அன்றைக்குச் சுடாமல் விட்டுவிட வேண்டும்.