மஞ்சுஸ்ரீ பெற்ற பரிசும் தெகல்தொருவைச் சுவரும்

கண்டி நகரை விட்டு மகாவலியைக் கடந்து சிறிது தூரம் சென்றால் தெகல்தொருவைக் குகை விகாரையை அடையலாம். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில் எழுந்த விகாரை அது. அதன் முன்மண்டபச் சுவரிலே, செந்நிறப் பின்னணியில், வெசந்தரன் கதை நீண்ட பட்டிகளாக ஓடுகிறது. கேட்டவர்க்கெல்லாம் கேட்டதைக் கொடுத்த அரசகுமாரன் அவன். முதலில் வெள்ளை யானையைக் கொடுத்தான். பின்னர் பெற்ற மக்களையே ஒரு கிழப் பிராமணனுக்கு அடிமைகளாகக் கொடுத்தான். தானத்தின் பெருமையைச் சொல்லவந்த கதைதான். ஆயினும் அச்சுவரின் முன் நிற்கும்போது நம் கண், கொடுத்தவனை விட்டுக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடமே செல்கிறது.

இச்சுவரை மனத்திற்கொண்டுதான், 1979ஆம் ஆண்டு மணிலாவில் வழங்கப்பெற்ற ஒரு பரிசைப் பற்றி நாம் பேச விரும்புகிறோம். அவ்வாண்டு மகசாசே பரிசைப் பெற்றவர்களுள் ஒருவர், இலங்கை ஓவியர் எல். டி. பி. மஞ்சுஸ்ரீ. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இளமையிலே பௌத்த துறவியானவர், 1932இல் சீனமொழி பயிலச் சாந்திநிகேதனம் சென்று, ஓவியத்தால் ஈர்க்கப்பட்டுத் திரும்பியவர், 1943இல் தோன்றிய ‘43 குழு’வின் ஓவியர்களுள் ஒருவர், 1949இல் காவியுடையைக் களைந்தவர். பல்லாண்டுகள் ஊரூராக அலைந்து, காரை பெயர்ந்தும் ஈரம் படிந்தும் அழிந்துகொண்டிருந்த விகாரைச் சித்திரங்களைப் பிரதி எடுத்தார். இப்பணிக்காகவே பரிசு கிடைத்தது.

பிரதி எடுப்பவனுக்கும் பரிசா என்று கேட்போர் உண்டு. அவர்களுடன் நாம் உடன்படவில்லை. மீள வெள்ளையடித்துப் புதுச்சாயம் பூசும் பக்தியினால் அழிந்த சுவர்கள் இந்நாட்டில் ஒன்றிரண்டல்ல. அவற்றின் கோடுகளைக் காகிதத்திலாவது காப்பாற்றியவனின் உழைப்பு, ‘சுயசிருஷ்டி’ என்று மார்தட்டும் பல கித்தான்களை விடப் பெறுமதி வாய்ந்தது. ரொக்பெல்லர் சகோதரர் நிதியின் பணத்தில் 1957இல் நிறுவப்பட்ட பரிசாயிற்றே என்று முகஞ்சுளிப்பாரும் இருக்கலாம். பணம் வந்த வழியை நாம் மறக்கவில்லை. அதற்காகக் கிழவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பது நேர்மையாகாது.

நமது மனக்குறை வேறு. இத்தகைய பரிசுகள் ‘ஈராயிரம் ஆண்டு மரபு’ என்று ஒரு வார்த்தையிலே எல்லாவற்றையும் அடக்கிவிடுகின்றன. அம்மரபின் கூலி என்ன, அது எப்படி நின்றது என்று எவரும் கேட்பதில்லை. தெகல்தொருவையில் வேலைசெய்தோர் என ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலின் வழியாகச் சில பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. சில்வத்தென்ன உன்னான்சே ஒருவர். கொஸ்வத்தை ஹித்தர நயிதே இன்னொருவர். ‘ஹித்தர’ என்றால் சித்திரம் எழுதுபவன். ‘நயிதே’ கைவினைஞர் சாதிக்குரிய விளிப்பெயர். ஊரையும் தொழிலையும் சாதியையும் கழித்துவிட்டால் அந்தப் பெயரில் மனிதனுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை.

அவர்களுக்கு அரசன் அளித்தது காணி. காணியை உண்பவன் ஊழியம் செய்யவேண்டும்; மகனும் செய்யவேண்டும். கலைக்கு அது நிழல் கொடுத்தது உண்மை. கலைஞனைக் கட்டிவைத்ததும் உண்மை. குமாரசுவாமி முதற்பாதியைக் கண்டு உருகினார். இரண்டாம் பாதியை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்பது நம் கருத்து. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1832இல் அரசுக்குரிய இராசகாரியம் ஒழிந்தது. கோவில் ஊழியத்தைப் பணமாக மாற்றிக்கொள்ள 1870இல் சட்டம் வழிசெய்தது. கட்டு அவிழ்ந்தது; அதனுடன் சோறும் போயிற்று. இதற்கிடையில் 1840ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை காட்ட இயலாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாக்கிற்று. அங்கே கோப்பி எழுந்தது. கோப்பிக்குக் கூலிகளாகத் தமிழகத்திலிருந்து நம் மக்கள் கொண்டுவரப்பட்டனர். கண்டிச் சித்திரகாரனை வேலையற்றவனாக்கிய அதே மாற்றமே தோட்டத்து லயன்களையும் கட்டிற்று. இவ்விரு கூட்டத்தாரும் இன்றுவரை ஒருவரையொருவர் அந்நியராகவே பார்க்கின்றனர். ஆகவே தெகல்தொருவையைச் ‘சிங்களவர் சொத்து’ என்று தமிழ் வாசகர் ஒதுக்குவதும் பேதைமையே.

மஞ்சுஸ்ரீயின் பிரதிகளுக்கு வருவோம். 1977இல் வெளிவந்த அவரது நூல், விகாரைச் சித்திரங்களின் அலங்கார உறுப்புக்களைக் கோட்டுருவில் தொகுத்துத் தருகிறது. கோட்டின் உறுதி வியக்கத்தக்கது; தூரிகை எங்கே தயங்கிற்று, எங்கே விரைந்தது என்பதையும் அறிந்த கை அது. ஆனால் அந்நூலில் நிறம் போயிற்று. நிறத்துடன் கதையும் போயிற்று. தாமரை தனியே நிற்கிறது, கொடி தனியே படர்கிறது. அழப்போகும் பிள்ளைகள் இல்லை. சுவரில் ஒரு துயரத்தின் ஓரத்தே பூத்த பூ, காகிதத்தில் எந்தச் சேலைக்கும் எந்த விடுதிச் சுவருக்கும் பொருந்தும் பூவாகிவிடுகிறது. மஞ்சுஸ்ரீ இதை விரும்பியிருப்பார் என்று நாம் சொல்லவில்லை. அழிவதற்குள் எடுத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் அவர் கைக்கு எட்டியதை எடுத்தார். 1982இல் மறைந்தார்.

2010இல் ஹொங்கொங்கைத் தலைமையிடமாகக் கொண்ட சொவரின் ஆசிய ஓவியப் பரிசு பால பொத்துபிட்டியவுக்குக் கிடைத்தது. தென்னிலங்கையிலே, கைவினையும் சடங்கும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். இம்முறை மரபைப் பிரதி எடுத்தவருக்கன்றி, அம்மரபின் வழிவந்தவருக்கே பரிசு சென்றது. அதுவும் அவருடைய சொந்தப் பெயரில். அவர் எழுதிய பொருள் தாமரையுமன்று, கொடியுமன்று. போர் முடிந்த மறு ஆண்டில், யாழ்ப்பாணத்தின் வரைபடம்.