நூறாண்டு வெள்ளம்: ஒரு சொல்லாராய்ச்சி

கோத்தா திங்கி என்னும் மலாய்ப் பெயருக்கு உயர்ந்த கோட்டை என்பது பொருள். ஜொகூர் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகர், 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலுமாக, ஒரு மாதத்திற்குள் இருமுறை மூழ்கியது. இரண்டாம் முறை நீர் முன்னதினும் உயர்ந்து நின்றது. மாநிலம் முழுவதிலும் இலட்சத்திற்கு மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பெயர் மேட்டைச் சொல்லிற்று. வெள்ளம் பள்ளத்தைக் காட்டிற்று.

பெயரை நம்பி ஏமாறுதல் ஊர்ப்பெயரோடு நிற்பதன்று. வெள்ள அபாய வரைபடங்களைப் பற்றிய பேச்சில் 'நூறாண்டு வெள்ளம்' என்றொரு தொடர் வழங்குகிறது. அணை, பாலம், வடிகால் அமைக்கும் பொறியாளரும் காப்புறுதிக் கட்டணம் கணிப்போரும் ஆளும் தொடர் இது. மக்கள் மனத்தில் இது விளைக்கும் மயக்கம் சிறிதன்று.

இத்தொடரைக் கேட்கும் தமிழர் எவ்வாறு பொருள் கொள்வர்? பன்னீராண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதுபோல, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றே கொள்வர். 'வந்தது போயிற்று, இனிப் பேரன் காலத்தில்தான்' என்று ஆறுதலும் அடைவர். அறிவியலார் கருதும் பொருளோ வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு வெள்ளமோ அதனினும் மிக்கதோ வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அது. முன்னாண்டு வந்ததென்று ஆறு நினைவு வைத்திருப்பதில்லை. பகடையில் ஒருமுறை ஆறு விழுந்தால், அடுத்த வீச்சில் அது விழாதென்று சொல்வார் உண்டோ? முப்பதாண்டுக் கடனில் வாங்கிய வீடு அவ்வெல்லைக்குள் இருக்குமாயின், கடன் தீர்வதற்குள் அவ்வெள்ளத்தை ஒருமுறையேனும் காணும் வாய்ப்பு 26 விழுக்காடு. அஃதாவது, நான்கில் ஒன்றுக்கும் மேல்.

இம்மயக்கத்தால் வரும் கேடு ஏட்டளவில் நிற்பதன்று. மலேசியாவில் அடிப்படைத் தீக்காப்புறுதி மட்டும் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்திற்கு இழப்பீடு கிடையாது. வெள்ளத்தையும் உட்படுத்திய காப்புறுதி வேண்டும். நூறாண்டுக் கணக்குத் தீர்ந்தது என்று எண்ணுபவர் அதற்குப் பணம் செலுத்துவாரா? பழைய மட்டத்திலேயே தரை போட்டு, பழைய இடத்திலேயே அரிசிப் பானையை வைப்பார்.

இரண்டாவது குறை, வரைபடத்தின் கோடு. கோட்டிற்கு உள்ளே அபாயம், ஓரடி வெளியே அபயம் என்று அது தோற்றமளிக்கிறது. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தைத் தொடங்கிய அமெரிக்காவில், இக்கோடே அளவுகோலாக விளங்குகிறது. எனினும் 2017-இல் ஹார்வி புயலின்போது, ஹூஸ்டன் வட்டாரத்தில் கோட்டிற்கு வெளியே இருந்த வீடுகள் பலவும் மூழ்கின. மேலும், காடழிந்து தோட்டமும் தாரும் பரவினால் மழைநீர் மண்ணில் இறங்காது ஆற்றுக்கு விரையும். பழைய கோடு பொய்க்கும். நீர் எதுவரை வரும் என்று கூறும் கோடு, எத்தனை நாள் நிற்கும் என்று கூறுவதுமில்லை. தாழ்நிலமாகிய பத்து பகாட்டில் 2007-இல் வெள்ளம் வாரக்கணக்கில் வடியாமல் நின்றது. 2023 மார்ச்சில் அவ்வட்டாரம் மீண்டும் மூழ்கியது.

இவ்வளவும் கூறியதால் வரைபடம் வேண்டாம் என்பது கருத்தன்று. ஆற்றுக்கு உரிய சமவெளியில் குடியிருப்பு எழாமல் தடுப்பதற்கும், அபாயத்திற்கேற்பக் கட்டணம் வகுப்பதற்கும் அதனினும் சிறந்த கருவி இல்லை. குறை கருவியில் பாதி, அதற்கு இட்ட பெயரில் பாதி. கருவியைத் திருத்துவது பொறியாளர் கடன். பெயரைத் திருத்துவது தமிழறிந்தோர் கடன். 'ஆண்டுக்கு நூற்றிலொரு வாய்ப்புடைய வெள்ளம்' என்பது நீண்ட தொடர்தான். சுருக்கமாய்ப் பொய் சொல்வதினும் நீட்டி மெய் சொல்வது நன்று.

ஜொகூரிலேயே பாரிட் ராஜா, பாரிட் சூலோங் என்று ஊர்கள் உள்ளன. பாரிட் என்றால் வடிகால். வெட்டி வடித்தாலன்றி இங்கே வாழ்வில்லை என்பதை அப்பெயர்கள் மறைக்கவில்லை. கலைச்சொல்லுக்கும் அந்நேர்மை வேண்டும். கணக்குப் பாடத்தில் வாய்ப்பினைக் கற்பிக்கும் தமிழாசிரியர், பகடையோடு தம் ஊர் ஆற்றையும் எடுத்துக்காட்டாகச் சொல்வாராயின், அப்பாடம் பிள்ளைகளின் வழியே வீடுவரை சென்று சேரும்.