கட்டமும் வெளியும்: ரேமண்ட் பிரிக்ஸின் சித்திரநூல்களில் இல்லமும் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலேயச் சிறார்நூல் ஓவியரும் சித்திர நாவலாசிரியருமான ரேமண்ட் பிரிக்ஸின் (1934–2022) படைப்புகள் சிறாருக்கானவை, பெரியோருக்கானவை என இரண்டாகப் பிரித்துப் படிக்கப்படுவதுண்டு. அவ்விரு வகைக்கும் அடிப்படையாக அமைவது ஒரே பக்க அமைப்பு என்பதையும், 1998இல் வெளிவந்த அவருடைய பெற்றோர் வரலாறு 1982இல் வெளிவந்த அணுப்போர் நூலின் பொருளை மாற்றியமைக்கிறது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ரேமண்ட் பிரிக்ஸ், சித்திர நாவல், சிறார் படநூல், அணுப்போர், பக்க அமைப்பு.

முன்னுரை

லண்டன் மாநகரின் விம்பிள்டன் பகுதியில் பிறந்தவர் பிரிக்ஸ். தந்தை எர்னெஸ்ட் வீடுவீடாகப் பால் வழங்கியவர். தாய் எத்தெல் திருமணத்திற்கு முன் செல்வர் இல்லத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். இவ்வெளிய குடும்பப் பின்னணி பிரிக்ஸின் நூல்களில் வீடு, சமையலறை, தேநீர், வேலை என மீண்டும் மீண்டும் உருப்பெறுகிறது. அவருடைய நான்கு நூல்கள் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன: ‘ஃபாதர் கிறிஸ்துமஸ்’ (1973), ‘தி ஸ்னோமேன்’ (1978), ‘வென் தி விண்ட் புளோஸ்’ (1982), ‘எத்தெல் அண்ட் எர்னெஸ்ட்’ (1998).

சிறு கட்டங்களின் உலகம்

சிறார் படநூல் பெரும்பாலும் 32 பக்கங்களுக்குள் அடங்குவது. பக்கத்திற்கு ஒரு பெரிய படம் என்பதே அதன் பழகிய மரபு. ‘ஃபாதர் கிறிஸ்துமஸ்’ நூலில் பிரிக்ஸ் இம்மரபை விடுத்து, சித்திரக்கதைக்குரிய சிறு கட்டங்களால் பக்கங்களை நிரப்பினார். கிறிஸ்துமஸ் தாத்தா கோடைக்காலக் கனவு கலைந்து எழுகிறார், குளிரைத் திட்டுகிறார், தேநீர் போடுகிறார், விலங்குகளுக்குத் தீனி வைக்கிறார், கழிப்பறையில் அமர்கிறார். தொன்மப் பாத்திரம் ஒன்று இங்கே பணிச்சுமை மிக்க முதிய தொழிலாளியாகிறது. விடியலில் அவர் எதிர்கொள்ளும் பால்காரர் பிரிக்ஸின் தந்தையுடைய தொழிலுக்குரியவர் என்பது கருதத்தக்கது. ஒவ்வொரு கட்டமும் ஒரு சிறு செயல். அச்செயல்களின் தொகுப்பே வாழ்க்கை. வண்டி வானில் பறக்கும்போது கட்டமும் விரிகிறது. கட்டத்தின் அளவுக்கே பொருளுண்டு என்பதை வாசகர் இந்நூலிலேயே பழகிக்கொள்கிறார்.

‘தி ஸ்னோமேன்’ சொற்களே இல்லாத நூல். வண்ணப் பென்சிலால் தீட்டப்பட்டது. சிறுவன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெற்று வீட்டிற்குள் வருகிறான். விளக்கையும் குழாயையும் கண்டு வியக்கிறான். பின்னர் இருவரும் பறக்கையில் கட்டங்கள் பெருகி வெளியாகின்றன. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு படம்: உருகிய பனியின் எச்சத்தையும் தொப்பியையும் கழுத்துத்துணியையும் நோக்கி நிற்கும் சிறுவன். அவன் முகம் வாசகருக்குக் காட்டப்படுவதில்லை. 1982இல் வந்த அசைவூட்டப் படம், நூலில் இல்லாத கிறிஸ்துமஸ் தாத்தா சந்திப்பைச் சேர்த்துக் கதையைப் பண்டிகைக்குரியதாக்கியது. நூலில் பண்டிகை இல்லை. இழப்பு மட்டுமே உண்டு. சிறாருக்கான பிரிக்ஸ் மென்மையானவர் என்னும் கருத்து நூலைவிடப் படத்திற்கே கூடுதலாகக் கடன்பட்டது.

எல்லை கடக்கும் பக்கங்கள்

அதே 1982இல் வெளியான ‘வென் தி விண்ட் புளோஸ்’ இவ்வடிவத்தை அப்படியே எடுத்தாள்கிறது. நாட்டுப்புற வீடொன்றில் ஓய்வுக்காலம் கழிக்கும் ஜிம், ஹில்டா இணையரின் உரையாடல் மிகச் சிறிய கட்டங்களில் நெருக்கமாக ஓடுகிறது. இடையிடையே எவ்விதக் கட்டமுமின்றி, இரு பக்கங்களையும் அடைத்துக்கொண்டு, இருண்ட நிறத்தில் ஏவுகணையும் போர்விமானங்களும் நீர்மூழ்கிக் கப்பலும் தோன்றுகின்றன. வீட்டினுள் இருப்போருக்கு இவை தெரியா. வாசகருக்கு மட்டுமே தெரியும். குண்டு வெடிக்கும்போது இரு பக்கங்களும் ஏறத்தாழ வெறும் வெண்மையாகின்றன. கட்டங்கள் திரும்புகின்றன, ஆனால் வண்ணம் திரும்புவதில்லை. முகங்கள் வெளிறிக்கொண்டே போகின்றன.

முந்தைய நூல்களில் விரிந்த பக்கம் பறத்தலுக்குரியதாக இருந்தது. இங்கு அதுவே அழிவுக்குரியதாகிறது. இவ்வடிவத்தின்மீது வாசகர் வைத்திருந்த நம்பிக்கையே அதிர்ச்சியின் ஊற்றாகிறது.

அரசின் படங்களும் ஓவியரின் படங்களும்

1980இல் பிரித்தானிய அரசு ‘புரொடெக்ட் அண்ட் சர்வைவ்’ என்னும் கையேட்டைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. கதவுகளைச் சுவரில் சாய்த்து உள்ளறைக் காப்பிடம் அமைத்தல், சன்னல்களுக்கு வெள்ளை பூசுதல் முதலிய அறிவுரைகளை எளிய கோட்டோவியங்களுடன் அது விளக்கியது. பொதுநூலகத்தில் பெற்ற துண்டுவெளியீடுகளின்படி ஜிம் செய்வதும் இவையே. ஹில்டாவோ வீட்டுப்பொருள்கள் பாழாகுமே என்று கவலைப்படுகிறாள்.

ஆக, படமும் சொல்லும் சேர்ந்த வடிவத்தை அரசும் கையாண்டது. கையேட்டின் படங்கள் செயலைக் காட்டி விளைவை மறைத்தன. பிரிக்ஸ் அதே செயல்களை வரைந்து, அவற்றிற்குப் பின்வரும் நாள்களையும் வரைந்தார்: மழைநீரைப் பிடித்துத் தேநீர் போடுதல், ஈறுகளில் குருதி, உதிரும் கூந்தல், வாராத உதவிக்கான காத்திருப்பு. அரசின் படங்களுக்கு ஓவியர் தந்த மறுமொழி இப்படங்களின் தொடர்ச்சியே.

இந்நூலின்மீது ஒரு தடையை எழுப்பவியலும். கலைச்சொற்களைத் தப்பாக உச்சரிக்கும் ஜிம்மும் எதையும் புரிந்துகொள்ளாத ஹில்டாவும் உழைக்கும் வகுப்பினரை நகைப்புக்குரியவராக்குகின்றனர் என்பதே அத்தடை. 1982இன் நூலை மட்டும் கொண்டு இதனை முற்றாக மறுத்தல் அரிது. ஹில்டாவின் அறியாமை சில இடங்களில் நகைச்சுவைக்காகவே நீட்டப்பட்டுள்ளது. இதற்கான விடை பதினாறு ஆண்டுகள் கழித்தே கிடைக்கிறது.

பெயரும் வரலாறும்

‘எத்தெல் அண்ட் எர்னெஸ்ட்’ பிரிக்ஸின் பெற்றோர் 1928இல் சந்தித்தது முதல் 1971இல் இருவரும் மறைந்தது வரையிலான வரலாறு. சன்னலில் தூசித்துணியை உதறும் எத்தெல் தன்னை நோக்கிக் கையசைப்பதாக, மிதிவண்டியில் செல்லும் எர்னெஸ்ட் எண்ணுவதில் அவர்கள் உறவு தொடங்குகிறது. வானொலியும் செய்தித்தாளும் போரையும் தேர்தலையும் வீட்டிற்குள் கொண்டுவருகின்றன. எர்னெஸ்ட் தொழிற்கட்சியின் பக்கம். எத்தெல் அதனை ஏற்பதில்லை.

இந்நூலின் போர்க்காலப் பக்கங்கள் முந்தைய நூலுக்கு உரையாக அமைகின்றன. அரசு சொன்னபடி இவ்விணையர் தோட்டத்தில் காப்பிடம் அமைத்தனர், மகனைப் பாதுகாப்பான ஊருக்கு அனுப்பினர், உயிர் பிழைத்தனர். முந்தைய போரை ஜிம்மும் ஹில்டாவும் ஏக்கத்துடன் நினைவுகூர்வதன் காரணம் இங்கே விளங்குகிறது. அவர்களுடைய நம்பிக்கை பேதைமையன்று. ஒருமுறை பலித்த பட்டறிவு. மாறியது ஆயுதம், மாறாதிருந்தது அறிவுரையின் குரல். நகைப்புக்குரியது அக்குரலே என்பதை 1998இன் நூல் தெளிவாக்குகிறது.

பெயரிடலும் இவ்வளர்ச்சியைக் காட்டுகிறது. அகத்திணைத் தலைமக்களின் பெயர் சுட்டப்படலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் சுட்டுமிடத்து அது புறமாகிறது. பிரிக்ஸுக்கு இந்நெறியோடு தொடர்பில்லையெனினும், அவர் நூல்களைப் புரிந்துகொள்ள இவ்வேறுபாடு துணைசெய்கிறது. சொல்லற்ற நூலின் சிறுவனுக்குப் பெயரில்லை; அவன் எச்சிறுவனும் ஆகலாம். ஜிம், ஹில்டாவின் குடும்பப்பெயரான ‘பிளாக்ஸ்’ ஆங்கிலத்தில் சராசரி மனிதரைக் குறிக்க வழங்கும் பெயர். எத்தெலும் எர்னெஸ்டும் இயற்பெயர்கள். வீட்டின் கதை பெயர் பெறும்போது நாட்டின் வரலாறாகிறது.

முடிவுரை

பிரிக்ஸ் சிறார் நூல்களிலிருந்து பெரியோர் நூல்களுக்கு நகர்ந்தார் என்பதைவிட, சிறார் நூலில் கண்டடைந்த வடிவத்தை எங்கும் பயன்படுத்தினார் என்பதே பொருந்தும். சிறு கட்டம் வாழ்வின் அளவு. அதனை உடைக்கும் பெரும்பக்கம் மனிதர் கட்டுக்குள் அடங்காததன் அளவு. ‘எத்தெல் அண்ட் எர்னெஸ்ட்’ நூலின் இறுதியில், சிறுவயதில் ரேமண்ட் நட்ட விதையிலிருந்து எழுந்த பேரிக்காய் மரம் ஓங்கி நிற்கிறது. ‘தி ஸ்னோமே’னின் இறுதியில் சிறுவன் செய்த பொருள் எஞ்சவில்லை, இங்கு எஞ்சுகிறது, நட்டவனின் பெற்றோர்தாம் இல்லை. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, அவர் நூல்களைச் சிறாருக்கும் பெரியோருக்கும் எனப் பிரிக்கும் கோடு பொருளிழக்கிறது.