கூடப் போனவர்களுக்கு நன்றி

நண்பர்களோடு கழித்த ஒரு விடுமுறைக்கு நன்றி சொல்வது எப்படி என்பதை அண்மையில் தமிழர்களுக்குக் காட்டியது ஒரு மலையாளப் படம். 2024 பிப்ரவரியில் வெளிவந்த ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டுத் திரையரங்குகளிலும் வாரக்கணக்கில் ஓடியது. கொச்சிக்குப் பக்கத்திலுள்ள மஞ்சும்மலைச் சேர்ந்த இளைஞர்கள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருகிறார்கள். குணா குகையில் சுபாஷ் குழிக்குள் விழுகிறான். ஏற்கெனவே பலர் விழுந்து மீளாத குழி அது. குட்டன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அவனை மேலே கொண்டுவருகிறான். 2006இல் உண்மையாகவே நடந்த சம்பவம்.

படத்தை எனக்குப் பிடித்தது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பெண்ணியம் பேசுகிறவர்களுக்கு எதுவுமே பிடிக்காது என்றொரு நம்பிக்கை இருக்கிறது. இயக்குநர் சிதம்பரம் ஒரு விஷயத்தைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறார்: இந்த ஆண்கள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. காருக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள், கேலி செய்கிறார்கள், குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் வடம் இழுக்கும் போட்டியில் தோற்றுப்போன அதே கைகள் கடைசியில் குழியிலிருந்து இரண்டு உயிர்களை இழுக்கின்றன. நன்றி அங்கே கயிற்றில்தான் இருக்கிறது. சேர்ந்து வந்தோம், ஆகவே சேர்ந்துதான் திரும்புவோம் என்பதற்கு மேல் குட்டனுக்குக் காரணம் தேவைப்படவில்லை.

அப்படியானால் வாய்விட்டு நன்றி சொல்வது யார்? சுபாஷின் அம்மா. நடந்தது என்னவென்று தெரியாதவரை மகனின் கூட்டாளிகளைத் திட்டுகிறவள், உண்மை தெரிந்தபின் குட்டன் முன்னால் அழுகிறாள். பெண்களுக்கு இந்தப் படம் ஒதுக்கிய வேலை ஏறக்குறைய இவ்வளவுதான்: கவலைப்படுவது, காத்திருப்பது, பிறகு நன்றி சொல்வது. ஜெயமோகன் எழுதிய கடுமையான விமர்சனத்தால் அப்போது பெரிய சண்டை மூண்டது. குடியைப் பற்றியும் காட்டில் உடைக்கப்படும் பாட்டில்களைப் பற்றியும், மலையாளிகளை அவர் அவமதித்தாரா என்பதைப் பற்றியும் இரு மாநிலத்திலும் பேசித் தீர்த்தார்கள். அந்த இரைச்சலில் இந்த அம்மா காணாமல் போனாள்.

அந்தக் குகைக்குப் பெயர் தந்த படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் புரியும். 1991இல் சந்தானபாரதி இயக்கத்தில் வந்த ‘குணா’வில் ஒரு பெண் இந்தக் குகைக்குக் கடத்திவரப்படுகிறாள். அவள் பெயர் ரோஸி. கடத்தியவன் அவளை அபிராமி என்றே அழைக்கிறான். அவள் மெல்ல மெல்ல அவனை நேசிக்கத் தொடங்குகிறாள். அவன் சொல்லச் சொல்ல அவள் கடிதம் எழுதும் பாடல் நமக்கெல்லாம் மனப்பாடம். சொற்கள் அவனுடையவை; அவற்றைக் காகிதத்தில் ஏற்றி, மெட்டில் படித்துக் காட்டுவது அவள். கடைசியில் அவள் இறந்துபோகிறாள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதே பாடல் குழியிலிருந்து குட்டனும் சுபாஷும் மேலே வரும்போது ஒலிக்கிறது. திரையரங்கே எழுந்து நின்று கைதட்டியது, நானும் தட்டினேன். ஆண் நட்பின் கீதமாக அது மாறிவிட்ட அந்த இடத்தில், கடிதம் எழுதிய பெண் மட்டும் திரையில் இல்லை. வெள்ளைக்காரர்கள் அந்தக் குகைக்கு வைத்த பெயர் ‘டெவில்ஸ் கிச்சன்’. பேய்க்குச் சமையலறை ஒதுக்கினாலும் கதையில் நமக்கு இடமில்லை.

சரி, கொடைக்கானலுக்குப் பெண்கள் போவதே இல்லையா? போகிறார்கள், பெரும்பாலும் குடும்பத்தோடு. ‘சமையல் வசதியுடன் காட்டேஜ்’ என்ற அறிவிப்பு யாருக்கான வசதி என்று ஒருநாள் நின்று யோசிக்க வேண்டும். புளியோதரை கட்டி, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துவைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு எலுமிச்சம்பழம் நீட்டி, ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டும் கணவனைப் படமெடுத்துவிட்டு இறங்குகிறவளிடம் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “உன் வீட்டுக்காரர் உன்னைக் கொடைக்கானலெல்லாம் கூட்டிட்டுப் போயிருக்காரே!” 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். மலைமேல் ஏறியவுடன் அந்த நிமிடங்கள் கரைந்துவிடுவதில்லை. அவளுடைய நேரத்தை அவளுக்கே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தவருக்கு அவள் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்நோக்கிச் செலுத்தும் நன்றி அது. அனுமதி தந்தவருக்கு உரியது. கூட இருந்தவர்களுக்கு உரிய நன்றி வேறு வகை. அது பக்கவாட்டில் போவது.

பெண்களின் பயணத்தைச் சொன்ன தமிழ்ப் படத்திலும் இந்தச் சிக்கல் தீரவில்லை. பிரம்மா இயக்கிய ‘மகளிர் மட்டும்’ (2017) பிரிந்துபோன மூன்று பள்ளித் தோழிகளை நடுவயதில் சேர்த்து ஊர்சுற்ற அனுப்புகிறது. ஊர்வசி, சரண்யா, பானுப்ரியா மூவரும் சேர்ந்து சிரிக்கும் காட்சிகளில் உயிர் இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் படம் எத்தனை கணக்குகளைத் தீர்க்க வேண்டியிருக்கிறது! படுத்த படுக்கையான மாமியாரை யார் பார்ப்பது, குடிகாரக் கணவனை என்ன செய்வது. மஞ்சும்மல் இளைஞர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வாகனம் மட்டுமே. தோழிகளுக்கோ அவர்களை அழைத்துப் போக ஜோதிகாவின் பாத்திரமே வேண்டியிருக்கிறது. அவளும் தோழிகளில் ஒருத்தியின் வருங்கால மருமகள். தோழமைகூட உறவுமுறை வழியாக வந்தால்தான் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பெண்கள் காரணமே இல்லாமல் மலையேறும் படத்துக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

குணா குகைக்குப் போகும் வழியில் மக்காச்சோளமும் கேரட்டும் விற்கும் பெண்களை இரண்டு படங்களும் பொருட்படுத்தவில்லை. தொடர் விடுமுறை என்பது அவர்களுக்கு வியாபாரம் சூடுபிடிக்கும் நாள். விடுதிகளில் படுக்கை விரிப்பு மாற்றும் பெண்களுக்கு முதுகு ஒடியும் நாள்.

ஆனால் இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனியில், பெண்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வரும் கூட்டத்தில் பெண்கள் ஏராளம். வேண்டுதல் என்று சொல்லிவிட்டால் எந்த வீட்டிலும் தடுக்கத் தயங்குவார்கள். அடுப்பிலிருந்தும் மாமியாரிடமிருந்தும் சில நாள் விடுதலை. கூட நடப்பவளின் கால் கொப்புளத்துக்கு மருந்து தடவுகிறார்கள், சாலையோரப் பந்தலில் ஒரே போர்வைக்குள் தூங்குகிறார்கள், வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் நடந்தபடியே சொல்லித் தீர்க்கிறார்கள். ஊர் திரும்பியதும் நன்றி முழுவதும் முருகனுக்குப் போய்விடுகிறது. அந்த நடையைப் பற்றி யாரும் படமெடுக்கவில்லை. படியிறங்கி வந்து அவரவர் பேருந்தைத் தேடிப் பிரியும்போது மட்டும், நேற்றுவரை பெயர்கூடத் தெரியாதிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கேட்பாள்: “அடுத்த வருசமும் வருவீங்கதானேக்கா?”